ஓய்வைக் கொடுப்பது யார்?

2023 ஏப்ரல் 17 அன்று தைவானின் பௌ சென் நிறுவனம் தமிழ்நாடு அரசோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் 2,302 கோடி ரூபாய் முதலீட்டில் காலணித் தொழிற்சாலை, 12 ஆண்டுகளில் 20,000 பேருக்கு வேலை என்பது அறிவிப்பு. இடம், உளுந்தூர்பேட்டை சிப்காட். நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகள் சட்டத்துக்கான தமிழ்நாட்டுத் திருத்த மசோதா சட்டப்பேரவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. ஒரு நாள் வேலை நேரத்தை 12 மணி வரை நீட்ட அது வழிவிட்டது. வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பு மாறாது, நான்கு நாள் உழைத்தால் மூன்று நாள் விடுப்பு என்று அமைச்சர்கள் விளக்கினார்கள். ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. ஏப்ரல் 24 அன்று மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார்.

இந்த இரண்டு செய்திகளையும் முடிச்சுப் போட வேண்டியதில்லை. ஆனால் உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் சாலையில் எலவனாசூர்கோட்டைப் பக்கம் வாழ்கிறவர்களுக்கு அந்த ஒரு வாரம் ஒரு பழைய கேள்வியைப் புதிதாக எழுப்பியது. கரும்பும் நெல்லும் மணிலாக்கொட்டையும் மக்காச்சோளமும் விளையும் பூமி இது. மேற்கே கல்வராயன் மலை. இங்கே ஒருவர் எப்போது வேலையை நிறுத்தலாம் என்பதை இதுவரை யார் தீர்மானித்தார்கள்? இனி யார் தீர்மானிப்பார்கள்?

நிதானமாக வாழுங்கள், ஓடிக்கொண்டே இராதீர்கள் என்று அறிவுரை சொல்லும் நூல்களும் உரைகளும் இன்று ஏராளம். அவை பெரும்பாலும் ஓய்வைத் தனிமனிதரின் மனப்பக்குவமாகப் பார்க்கின்றன. இந்தப் பகுதியின் நூறாண்டு வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. இங்கே ஓய்வை ஒரு காலத்தில் பருவம் கொடுத்தது, ஊர் கொடுத்தது, பிறகு சட்டம் கொடுத்தது. கொடுப்பவர் கை மடங்கியபோதெல்லாம், எவ்வளவு பக்குவப்பட்ட மனிதராக இருந்தாலும் அவரால் உட்கார முடியவில்லை.

தண்ணீர் தீர்ந்தால் வேலை தீர்ந்தது

ஏரிப்பாசனமும் மானாவாரியுமாக இருந்த காலத்தில் வேலையின் எல்லையை வானம் வகுத்தது. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பும். தை, மாசியில் அறுவடை முடியும். பங்குனி, சித்திரையில் ஏரி வற்றும். உழ ஈரமில்லை என்றால் ஏருக்கு வேலையில்லை. கிணற்றுப் பாசனத்திலும் இதே கதைதான். நீர் இறைக்கும் கவலையை இழுக்கும் மாட்டுக்கு வெயிலில் நுரை தள்ளினால் அவிழ்த்துக் கட்டியே ஆகவேண்டும். மாடு படுத்தால் மனிதனும் படுப்பான்.

அந்த இடைவெளியை ஊர் தன் வழக்கங்களால் நிரப்பியது. அமாவாசையன்று ஏர் பூட்டாத வழக்கம் பல ஊர்களில் உண்டு. மாட்டுப் பொங்கலன்று நுகத்தடியைத் தொடமாட்டார்கள். பழைய தென்னார்க்காட்டின் இந்தப் பகுதி பாரதக் கூத்தின் நாற்றங்கால். திரௌபதி அம்மன் கோயில்களில் பிற்பகலில் பாரதப் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து, கடைசியில் படுகளம், தீமிதி என்று நாள் கணக்கில் நடக்கும் விழாக்கள் பெரும்பாலும் வயல் காய்ந்திருக்கும் மாதங்களிலேயே வருகின்றன. உளுந்தூர்பேட்டை வட்டத்துக் கூவாகத்தில் கூத்தாண்டவர் விழா சித்திரையில்தான். திருநங்கையர் திரளும் விழாவாக நாடறிந்த அது, சுற்றுவட்டார உழவர்களுக்குக் களம் ஒழிந்த காலத்து விழாவும்கூட. விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்கள் பகலில் தூங்குவார்கள். ஊரே தூங்குவதால் அதை யாரும் கேட்கமாட்டார்கள்.

மலையில் நிலத்துக்கும் ஓய்வு இருந்தது. கல்வராயனில் மலையாளிப் பழங்குடியினர் சாமை, தினை, கேழ்வரகு பயிரிட்ட காட்டைச் சில போகங்களுக்குப் பின் ஆறப்போடுவார்கள். தழையும் வேரும் மட்கி மண் தேறிய பிறகே மறுபடி கொத்துவார்கள். எருவுக்குப் பணமில்லாத வேளாண்மையில் நிலத்தைச் சும்மா விடுவதும் சாகுபடியின் ஒரு கட்டம்.

இந்த அமைப்பைக் கலைத்தது மனிதர்களின் பேராசை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நடந்தது அவ்வளவு எளிதல்ல. ஆழ்துளைக் கிணறும் மின் மோட்டாரும் வந்தன. சிறு விவசாயிகளுக்கு 1984லும் எல்லா விவசாயிகளுக்கும் 1990லும் மின்சாரம் இலவசமானது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இயங்க, கரும்பு பரவியது. பத்துப் பன்னிரண்டு மாதம் வயலில் நிற்கும் பயிர் அது. வெட்டும் நாளை முடிவு செய்வது ஆலையின் அரவைப் பருவமும் வெட்டு உத்தரவும். மலையடிவாரத்திலும் மலைமீதும் மரவள்ளி பரவி, சேலம், ஆத்தூர் சேகோ ஆலைகளுக்கு மூட்டை மூட்டையாகப் போகலானது. பஞ்சக் கோடை என்று ஒன்று இல்லாமல் போனது உழவருக்குப் பெரும் விடுதலை. அதோடு, கோடையில் கிடைத்த ஓய்வும் போயிற்று. மும்முனை மின்சாரம் பகலில் சில மணி, இரவில் சில மணி என்று முறைவைத்து வந்த ஆண்டுகளில் நடுச்சாமத்தில் டார்ச் விளக்கோடு மோட்டார் கொட்டகைக்குப் போகாத விவசாயி அரிது. மாட்டுக்கு நுரை தள்ளும். மோட்டாருக்குத் தள்ளாது.

படியாள் எப்போது உட்கார்ந்தார்?

பழைய நாட்கள் நிதானமானவை என்ற ஏக்கம் இந்த இடத்தில் தலைகாட்டும். அந்த ஏக்கத்தைச் சோதிக்க நல்ல சான்று ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களைக் கொண்டு தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றை ஆய்வு செய்தார். 1918இல் அது நூலாக வந்தது. அவற்றில் ஒன்று தென்னார்க்காட்டு இருவேல்பட்டு. விழுப்புரத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் இடையில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். அன்று முதல் அந்த ஊரைப் பல தலைமுறை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் 1916 முதல் 2008 வரையிலான மாற்றங்களைத் தொகுத்து 2010இல் எழுதினார்கள்.

1916இன் இருவேல்பட்டில் நிலம் சிலர் கையில் குவிந்திருந்தது. தலித் குடும்பங்கள் பல படியாட்களாக இருந்தன. திருமணம் போன்ற செலவுக்கு வாங்கிய சிறு கடன் தீராமல் தலைமுறைக்கும் தொடர, ஆண்டையின் நிலத்திலேயே உழைப்பார்கள். பருவம் ஓய்ந்தாலும் படியாள் ஓய்ந்ததில்லை. வயலில் வேலை இல்லாத நாளில் மாட்டுத் தொழுவமும் களமும் வீட்டு வேலையும் இருந்தன. விழாவிலும் இதே கதை. ஊர் கூத்துப் பார்த்த இரவுகளில் பறையடித்தவருக்கும் பந்தல் போட்டவருக்கும் அது வேலை நாள்.

மலையில் வேறு வகைக் கட்டு. கல்வராயன் மலை சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்று மூன்று ஜாகிர்தார்களின் ஆட்சியில் இருந்தது. நாடு விடுதலை பெற்றுக் கால் நூற்றாண்டுக்கு மேலான பிறகு, 1976இல்தான், அரசு அதை நேரடியாக எடுத்துக்கொண்டது. அதுவரை மலைமக்கள் ஜாகிர்தாருக்கு வரியும் கட்டினார்கள், கூலியில்லாத வேலையும் செய்தார்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்ததும் அதே 1976இல்தான். நிலம் ஆறிய மலையில் ஆளுக்கு ஆற நேரமில்லை.

2008இல் ஆய்வாளர்கள் கண்ட இருவேல்பட்டில் நிலவுடைமையாளரின் பழைய ஆதிக்கம் தளர்ந்திருந்தது. தொழிலாளர்கள் ஒருவரைச் சார்ந்து நிற்கவில்லை. ஊருக்கு வெளியே பலவிதமான வேலைகளுக்குப் போனார்கள். இன்று எலவனாசூர்கோட்டைப் பக்கத்திலும் அதுவே நிலை. திருப்பூர், கோவை, பெங்களூரு, கேரளம் என்று பிழைப்புத் தேடிப் போகிறவர்கள் அதிகம். ஆண்டையிடம் கைகட்டி நின்ற தலைமுறையின் பேரன் ஓவர்டைம் கேட்டு வாங்கிச் செய்கிறான் என்றால், அதைப் பரபரப்பு நோய் என்று ஒதுக்க முடியாது. தன் நேரத்தைத் தானே விற்கும் உரிமை அவன் குடும்பத்துக்குப் புதிது. அந்த உரிமையோடு ஓய்வும் சேர்ந்து வருமா என்பதுதான் மீதிக் கேள்வி.

சோம்பேறிப் பட்டம்

ஓய்வைப் பற்றிப் பேசினால் சோம்பலும் பின்னாலேயே வரும். திருக்குறளில் மடியின்மைக்கு 61ஆம் அதிகாரம் இருக்கிறது. இளைப்பாறுதலுக்குத் தனி அதிகாரம் இல்லை. உழைப்பாளியைக் கடிந்துகொள்ள நாம் எடுத்தாளும் அந்த அதிகாரம் பொருட்பாலின் அரசியல் பகுதியில் அமைந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆள்கிறவர் சோம்பினால் குடி கெடும் என்ற கவலை அது. காலப்போக்கில் அந்த எச்சரிக்கை மேலிருப்பவரை விட்டு இறங்கி, கீழிருப்பவர் தலையில் உட்கார்ந்துகொண்டது.

இந்த இடமாற்றம் எப்படி நடக்கிறது என்பதை மலேசிய அறிஞர் சையது உசேன் அலதாஸ் 1977இல் எழுதிய 'சோம்பேறிச் சுதேசி எனும் கட்டுக்கதை' விரிவாகக் காட்டுகிறது. மலாய் உழவர்களுக்குச் சொந்த நிலமும் ஆறும் இருந்தன. ஐரோப்பியத் தோட்டங்களில் கூலிக்குப் போக அவர்கள் மறுத்தார்கள். மறுத்ததால் சோம்பேறிகள் என்ற பெயர் வாங்கினார்கள். தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் அழைத்துப் போனவர்களுக்கு மறுக்க வழியில்லை. விடியலுக்கு முன், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கு உழைப்பாளிகள் என்று நற்சான்று கிடைத்தது. மறுக்க வாய்ப்பு உள்ளவரா இல்லாதவரா என்பதைத்தான் இரண்டு பட்டங்களும் சொல்லின. இரு இனங்களின் குணத்தைச் சொல்லவில்லை.

நம் ஊரில் இந்த நாடகம் நூறு நாள் வேலையை ஒட்டி நடந்தது. 2005இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் அட்டவணை, பணியிடத்தில் குடிநீரும் குழந்தைகளுக்கு நிழலும் முதலுதவியும் ஓய்வு நேரமும் இருக்கவேண்டும் என்று சொன்னது. அதன்படி ஏரிக்கரை மரத்தடியில் பெண்கள் உட்கார்ந்ததைப் பார்த்தவர்கள், மக்களை அரசு சோம்பேறியாக்குகிறது என்று டீக்கடை தோறும் பேசினார்கள். வயலுக்கு ஆள் கிடைக்கவில்லை என்ற நில உடைமையாளரின் சங்கடம் அந்தப் பேச்சுக்குள் இருந்தது. அதே பெண் அதிகாலையில் எழுந்து சமைத்து, மாடு கறந்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அங்கே வந்தவள் என்பது அந்தப் பேச்சில் இல்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டுவேலை செய்த பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிட்டார்கள். அந்த வேலையில் கைவைத்த ஆண்கள் 97 நிமிடம். ஆண் ஓய்வாக இருக்கிறான் என்றால் அந்த நேரத்தில் அடுப்படியில் யார் நிற்கிறார்கள் என்றும் கேட்கவேண்டும்.

சட்டம் தந்த அரைமணி

பருவமும் ஊரும் கொடுக்காத இடத்தில் சட்டம் கொடுக்க வேண்டியிருந்தது. இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் வந்தது. அது குழந்தைகளைப் பற்றியே கவலைப்பட்டது. வார விடுமுறையும் நடுப்பகலில் அரைமணி இடைவேளையும் 1891இல் சேர்ந்தன. பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகாண்டே பல ஆண்டுகள் குரல் கொடுத்த பிறகே வாராந்திர ஓய்வு நடைமுறைக்கு வந்தது. 1922இல் வாரத்துக்கு 60 மணி, 1934இல் 54, 1946இல் 48 என்று வேலை நேரம் சிறுகச் சிறுக இறங்கியது. வாரம் 48 மணி, ஐந்து மணி நேர வேலைக்குப் பின் குறைந்தது அரைமணி இடைவேளை என்ற அளவுகோலை நிலைநிறுத்தியது 1948ஆம் ஆண்டுச் சட்டம்.

இந்த அரைமணிக்குச் சென்னையில் ஒரு கதை உண்டு. பெரம்பூரில் பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் மதிய உணவுக்கு விட்ட நேரம் அரைமணி. வாசலைத் தாண்டி, கூட்டத்தில் முண்டி, கை கழுவிச் சாப்பிட்டுத் திரும்புவதற்குள் சங்கு ஊதிவிடும். 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியா தலைமையில், திரு.வி.க. துணைநிற்க, சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது முன்வந்த முதல் குறைகளில் இந்தச் சாப்பாட்டு நேரமும் ஒன்று. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்றாக எண்ணப்படும் சங்கம், உட்கார்ந்து சோறு தின்ன இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுத் தொடங்கியது. ஐந்தாண்டு கழித்து, 1923 மே 1 அன்று, சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடி அந்த நாளை விடுமுறையாக்கக் கோரினார். 12 மணி நேர மசோதா திரும்பப் போனது அதற்குச் சரியாக நூறாண்டு நிறைந்த நாளில்.

சட்டத்தின் கை இன்னும் முழுதாக நீளவில்லை. துணிக்கடையிலும் நகைக்கடையிலும் நாள் முழுக்க நின்றே இருந்தவர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்ற திருத்தம் தமிழ்நாட்டில் 2021இல்தான் வந்தது. கேரளம் 2018இலேயே கொண்டுவந்துவிட்டது. கரும்பு வெட்டும் செட்டுக்கும், மரவள்ளி பிடுங்கும் கூட்டத்துக்கும், செங்கல் சூளைக்கும் இடைவேளை இன்றும் மேஸ்திரியின் மனத்தைப் பொறுத்தது. எத்தனை டன் என்று கூலி பேசியபின் உட்காரும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு குறைகிறது. அவரிடம் போய் நிதானமாக வாழச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

உடம்பின் கணக்கு

ஓய்வால் உற்பத்தி கெடும் என்ற அச்சத்தைப் பழைய தரவு ஒன்று அசைக்கிறது. முதல் உலகப் போரில் பிரிட்டனின் வெடிமருந்து ஆலைகளில், பெரும்பாலும் பெண்கள், வாரம் 70 மணி வரை உழைத்தார்கள். அவர்கள் உடல்நலத்தை ஆராய 1915இல் அரசு ஒரு குழு அமைத்தது. அந்தக் குழு விட்டுச்சென்ற பதிவுகளை ஸ்டான்ஃபோர்டு பொருளியலாளர் ஜான் பென்காவல் 2014இல் மறுபடி ஆராய்ந்தார். ஏறக்குறைய 49 மணி வரை நேரத்துக்கு ஏற்ற விகிதத்தில் உற்பத்தி கூடியது. அதற்கு மேல் கூடும் வேகம் குறைந்தது. 70 மணி உழைத்தவர்கள் செய்து முடித்தது, 56 மணி உழைத்தவர்களைவிடப் பெரிதாக அதிகமில்லை. ஞாயிறு ஓய்வைப் பறித்ததும் வார உற்பத்தியைப் பாதித்தது. 2023 அக்டோபரில் இளைஞர்கள் வாரம் 70 மணி உழைக்கவேண்டும் என்று இன்போசிஸ் இணை நிறுவனர் நாராயணமூர்த்தி சொன்னபோது, அந்த எண் நூறாண்டுக்கு முன்பே சோதித்துப் பார்க்கப்பட்டது என்பதை எவரும் நினைவுபடுத்தியிருக்கலாம்.

உயிர்க் கணக்கு இன்னும் கனமானது. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரம் 55 மணியோ அதற்கு மேலோ உழைத்ததால் 2016ஆம் ஆண்டில் மட்டும் பக்கவாதத்திலும் இதய நோயிலும் சுமார் 7,45,000 பேர் இறந்தார்கள். 35 முதல் 40 மணி உழைப்பவரைவிட இவர்களுக்குப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடு அதிகம்.

நம் பக்கத்தில் வெயிலும் சேர்கிறது. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2024இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வயலிலும் சூளையிலும் உப்பளத்திலும் கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறப்பதும் ஏறக்குறைய இரு மடங்கு. அதே ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதன்படி இறந்தவர் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு. நடுப்பகல் வேலையை நிறுத்தும் கடப்பாடும் கூடவே வந்தால்தான் நிவாரணத்துக்குத் தேவை குறையும். கேரளம் கோடை மாதங்களில் வெட்டவெளி வேலைக்கு நண்பகல் இடைவேளையை ஆண்டுதோறும் ஆணையாகவே போடுகிறது.

ஒரே நாளில் ஓய்வு

மணிக்கணக்கு சரியாக இருந்தாலே போதுமா? இதற்குச் சோவியத் ஒன்றியம் ஒரு பாடம் வைத்திருக்கிறது. 1929இல் அங்கே ஆலைகள் நிற்காமல் ஓடவேண்டும் என்று வாரத்தை ஐந்து நாளாக்கினார்கள். ஒவ்வொரு தொழிலாளிக்கும் நான்கு நாள் வேலை, ஒரு நாள் ஓய்வு. ஆனால் ஆளுக்கு ஒரு நாள். கணக்குப்படி ஓய்வு முன்னைவிட அதிகம். கணவனுக்கு ஒரு நாள், மனைவிக்கு வேறு நாள், பிள்ளைக்கு மற்றொரு நாள் என்றானதும் மக்கள் வெறுத்துப்போனார்கள். 1931இல் எல்லோருக்கும் பொதுவான ஓய்வு நாளை மீட்டார்கள். 1940இல் ஏழு நாள் வாரமே திரும்பியது. ஊரோடு சேர்ந்து ஓயாத ஓய்வு பாதி ஓய்வாகக்கூட நிற்கவில்லை.

இந்தப் பகுதியில் இனி நடக்கப்போவதற்கு இந்தப் பாடம் நேரடியாகப் பொருந்தும். காலணி ஆலையின் ஷிஃப்ட் வேலைக்கு இளைஞர்களும் இளம்பெண்களும் ஆயிரக்கணக்கில் போகும்போது, ஒரே தெருவில் ஒருவர் தூங்க இன்னொருவர் கிளம்புவார். பருவம் இனி வேலையை நிறுத்தித் தராது. அமாவாசைக்கு ஆலை நிற்காது. மிஞ்சுவது சட்டமும், சேர்ந்து கேட்கும் பலமும்.

கேட்பதற்கு இடம் ஏற்கெனவே இருக்கிறது. 1958ஆம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் தமிழ்நாட்டுத் தொழில் நிறுவனங்களில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு மேலும் ஐந்து விழா நாட்களைச் சம்பளத்தோடு உறுதி செய்கிறது. அந்த ஐந்தும் சென்னை அலுவலகத்தின் நாட்காட்டியிலிருந்து வரவேண்டியதில்லை. சித்திரையில் கூவாகத்துக்கு ஒரு நாள், ஊர்த் தீமிதிக்கு ஒரு நாள் என்று தொழிலாளர்கள் சேர்ந்து கேட்கலாம். வார விடுப்பைக் குடும்பத்துக்குப் பொருந்துமாறு ஒரே நாளில் கேட்கலாம். கரும்பு வெட்டுக் கூலியை டன்னுக்குப் பேசும்போதே நண்பகல் இடைவேளையையும் சேர்த்துப் பேசலாம். பறையடிக்கிறவருக்கும் அடுப்படியில் நிற்கிறவருக்கும் அந்த நாளில் பங்கு உண்டா என்பதை ஊர்க்கூட்டம் பேசவேண்டும். பழைய ஓய்வு அதைப் பேசாமலே விட்டது. 1918இல் பெரம்பூர்க்காரர்கள் சாப்பாட்டு நேரத்தைச் சேர்ந்து கேட்டார்கள். உளுந்தூர்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்களும் தங்கள் ஓய்வை அப்படித்தான் வாங்க வேண்டியிருக்கும்.